நூற்றுக்கு நாலும் ஒரு கூம்பும்

அன்பும் மரியாதையும் கலந்த மச்சான் அவர்களுக்கு,

இங்கு நான், உங்கள் தங்கை, உங்கள் மருமகள் மூவரும் சுகம். அங்கு நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் சுகம் என்பதை உங்கள் தங்கை தினமும் போனில் ஸ்பீக்கரைப் போட்டுக் கேட்டு, எனக்கும் அடுத்த வீட்டுக்கும் சேர்த்தே தெரியப்படுத்திவிடுவதால், சுக விசாரணையை இந்த அளவில் நிறுத்திக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன். போனில் பேசாமல் இதென்ன கடிதம் என்று நினைப்பீர்கள். அந்த ஸ்பீக்கர்தான் காரணம். கையால் எழுதி, படம் பிடித்து, உங்களுக்கு மட்டும் அனுப்புகிறேன். படித்ததும் அழித்துவிடவும்.

உங்கள் மருமகள் உங்கள் நாட்டுப் பெரிய பல்கலைக்கழகம் ஒன்றுக்கு மனு போட்டிருப்பது உங்களுக்குத் தெரியும். அங்கே நூறு பேர் மனு போட்டால் நாலு பேருக்குத்தான் இடமாம். இதைக் கேட்ட அன்று நான் சாப்பிடக்கூட மறந்துபோனேன். ஓட்டுநர் லைசென்ஸ் டெஸ்ட் எடுக்கிற வேலையில் தலை நரைத்தவன் நான். கண்டிப்பானவன் என்று ஊரே திட்டுகிறது. அப்படிப்பட்ட நானே நூற்றில் பாதிப் பேரைப் பாஸ் பண்ணிவிடுகிறேன். இவர்கள் தொண்ணூற்றாறு பேரைத் திருப்பி அனுப்பியும் உலகமே அவர்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறதே, அது என்ன வித்தை மச்சான்? அந்த நாலும் உள்நாட்டுப் பிள்ளைகளையும் சேர்த்துத்தானாம். வெளிநாட்டிலிருந்து போடுகிறவர்களுக்குத் தனியாக எவ்வளவு என்று கேட்டேன். "அதைவிடக் கம்மிப்பா" என்று சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குப் பென்சில் சீவுகிறாள். படிப்புச் செலவுக்கு உதவி கேட்டால் சில இடங்களில் வாய்ப்பு இன்னும் குறையுமாம், சில இடங்களில் அதைக் கணக்கிலேயே எடுத்துக்கொள்ள மாட்டார்களாம். நாம் உதவி கேட்டிருக்கிறோம்.

சரி, இவளுக்கு எவ்வளவு சான்ஸ் என்று கணக்குப் போட்டுத் தரும் வலைத்தளங்கள் இருக்கின்றன என்று எங்கள் அலுவலகக் குமாஸ்தா சொன்னார். போட்டுப் பார்த்தேன். ஒன்று நாலு என்றது. ஒன்று பதினொன்று என்றது. இன்னொன்று முப்பத்தேழு என்று சொல்லிவிட்டு, மேல் விவரத்துக்குப் பணம் கட்டச் சொன்னது. சந்தேகம் வந்து என்னுடைய மார்க்கையே போட்டேன். டிகிரியில் ஒரு பாடம் இன்றுவரை பாக்கி வைத்திருக்கிற எனக்கு ஒன்பது சதவீதம் கொடுத்தது. அன்றோடு அந்தப் பக்கம் போவதை விட்டுவிட்டேன்.

பிறகுதான் உங்கள் மருமகள் என்னை உட்காரவைத்து விளக்கினாள். "அப்பா, உங்க டெஸ்ட்ல நல்லா ஓட்டினா பாஸ். அங்க அப்படி இல்ல. வர்ற நூறு பேருமே நல்லா ஓட்டுறவங்கதான். இடம் நாலுதான் இருக்கு. அதனால நீ எங்க போகணும்னு கிளம்பினேன்னு கேப்பாங்க." என் சர்வீஸில் ஒருவரையும் நான் அந்தக் கேள்வி கேட்டதில்லை. இடது பக்கம் திருப்பு, ஓரமாக நிறுத்து, இறங்கு, அவ்வளவுதான். மனுவோடு இவள் எழுதி அனுப்பிய கட்டுரையைப் படித்தேன். கண் மருத்துவமனைக்கு முன்னால் சிக்னல் இருக்கிறதல்லவா, அங்கே கைத்தடி ஊன்றி வருகிறவர்கள் நடு ரோட்டை எட்டுவதற்குள் பச்சை விளக்கு அணைந்துவிடுகிறதாம். பள்ளிக்கூடம் விட்டு வரும்போதெல்லாம் அங்கே நின்று, ஒவ்வொருவரும் கடக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்து, போக்குவரத்து அலுவலகத்துக்கு நடையாய் நடந்து, கடைசியில் அந்த விளக்கை நீட்டிக்க வைத்துவிட்டாள். வீட்டுக்கு ஏன் லேட்டு என்று இவளை நான் எத்தனை நாள் கத்தியிருக்கிறேன் தெரியுமா. நான் பெற்றதுதானா இது என்று அசந்துபோய் உட்கார்ந்திருந்தேன் மச்சான். அன்றிலிருந்துதான் எனக்கும் ஆசை வந்து தொலைத்தது. அதுவரை பயம் மட்டும்தான் இருந்தது, நிம்மதியாக இருந்தேன்.

இப்போது வினைக்கு வருகிறேன். அந்தப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு நம் ஊருக்குத் திரும்பி வந்த பழைய மாணவர் ஒருவர், மனு போட்ட பிள்ளைகளை நேரில் பார்த்துப் பேசி ரிப்போர்ட் அனுப்புவாராம். சம்பளம் கிடையாது. முன்பின் தெரியாத பிள்ளையோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து, நீ என்ன யோசிக்கிறாய் என்று கேட்பதற்காகவே ஒரு மனிதர் தன் ஞாயிற்றுக்கிழமையைக் கொடுக்கிறார் என்றால், அது எப்பேர்ப்பட்ட இடமாக இருக்க வேண்டும். நூலகத்தின் கீழே இருக்கிற காபிக் கடையில் சந்திப்பு. நான்தான் காரில் கொண்டுபோய் விட்டேன். மகள் உள்ளே போனாள். மூலை மேசையிலிருந்து ஒருவர் எழுந்து கைகொடுத்தார். கடையின் கண்ணாடிச் சுவர் வழியாக அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. கூம்பு.

கூம்பு யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். மேம்பாலம் கட்டுகிற எஞ்சினியர். பாலம் அழகாகக் கட்டுவார், அதன் மேல் கார் ஓட்டத்தான் வராது. டெஸ்டில் ரிவர்ஸ் எடுக்கும்போது நாங்கள் நட்டு வைத்திருக்கிற பிளாஸ்டிக் கூம்பை ஒவ்வொரு தடவையும் சாய்த்துவிடுவதால் எங்கள் குமாஸ்தா வைத்த பெயர் அது. நாலு தடவை வந்தார். நாலு தடவையும் ஃபெயில் போட்டவன் உங்கள் மைத்துனன்தான். கடைசித் தடவை, "பாலத்த கட்டிட்டு பஸ்லயே போங்க சார், ஊருக்கு நல்லது" என்று வேறு சொல்லித் தொலைத்தேன். இந்த வாயை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்.

என்னைப் பார்த்துவிடக் கூடாதே என்று வாசல் தூணுக்குப் பின்னால் போகப் பார்த்தேன். பின்னால் பார்க்காமல் நகர்ந்ததில், தரை ஈரம் என்று எழுதி வைத்திருந்த மஞ்சள் பலகையை இடித்துத் தள்ளிவிட்டேன். கடையே திரும்பிப் பார்த்தது. கூம்பும் பார்த்தார். பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மெல்லத் தலையை ஆட்டினார். டெஸ்டாக இருந்தால் எனக்கு நானே ஃபெயில் போட்டிருப்பேன்.

திரும்பி வரும்போது காரில், "என்னம்மா கேட்டார்?" என்றேன்.

"திரும்பத் திரும்பத் தோத்தும் விடாம செஞ்சது எதாவது இருக்கான்னு கேட்டார்."

"என்னைப் பத்திக் கேட்டாரா?"

"அப்பா என்ன வேலைன்னு கேட்டார். சொன்னேன். ரொம்ப நேரம் காபியக் கலக்கிட்டே இருந்தார்."

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இன்று சாயங்காலம் நாளைய டெஸ்ட் லிஸ்டைப் பார்த்தால் முதல் பெயரே கூம்பு. ஐந்தாவது தடவை. வேறு அதிகாரியிடம் தள்ளிவிடலாம் என்றால் இருக்கிற இன்னொருவர், நாங்கள் சிரிக்காத்துரை என்று கூப்பிடுகிறவர், முழங்கால் வலி என்று லீவில் போய்விட்டார். உங்கள் தங்கையிடம் சொன்னேன். "பாஸ் பண்ணிடுங்களேன், என்ன குறைஞ்சுடப் போகுது?" என்றாள். அந்த ஆள் ரோட்டில் இறங்கினால் யாராவது குறைந்துபோவார்களே என்றேன். "மெதுவாத்தானே ஓட்டுவார்" என்கிறாள். உங்கள் தங்கையையே இரண்டு தடவை ஃபெயில் பண்ணியவன் நான். உங்களையும்தான். நீங்கள் அந்த நாட்டில் போய் முதல் தடவையிலேயே லைசென்ஸ் வாங்கியது எனக்கு இன்றுவரை விளங்காத அதிசயம். அது கிடக்கட்டும்.

நான் கேட்க வந்தது இதுதான். அந்த ரிப்போர்ட்டுக்கு அங்கே எவ்வளவு மதிப்பு? அதை வைத்து ஒரு பிள்ளையைத் தள்ளிவிடுவார்களா? விசாரித்து உடனே எழுதவும். எழுதாவிட்டாலும் நான் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். நாளை ஒரே ஒரு நாள் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். என் நேர்மையால் என் பிள்ளையின் வழி அடைபட வேண்டாம். இதற்காக என்னைக் கேவலமாக நினைக்காதீர்கள் மச்சான், நானே போதுமான அளவு நினைத்துக்கொண்டேன்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். நீங்கள் வண்டி ஓட்டும்போது கண்ணாடியைப் பார்த்து ஓட்டவும்.

இப்படிக்கு,
உறக்கம் கெட்ட உங்கள் மைத்துனன்

பின்குறிப்பு: நேற்று போனில் படம் தெளிவாக விழாததால் இதை அனுப்ப முடியவில்லை. அதுவும் நல்லதுக்குத்தான். மேலே எழுதியதெல்லாம் ரத்து. இன்று காலை கூம்பு வந்தார். கண்ணாடியைப் பார்த்தார், சிக்னல் போட்டார், திருப்பத்தில் வேகத்தைக் குறைத்தார், எனக்கே புல்லரித்தது. நானும் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டேன். ரிவர்ஸில் கூம்பு விழுந்தது. கண்ணை மூடிக்கொள்வதாகத்தான் இருந்தேன் மச்சான். மூடினால் அந்த மருத்துவமனை சிக்னலில் கைத்தடியோடு கடக்கிறவர்கள்தான் தெரிகிறார்கள். இவள் எழுதியதைப் படிக்காமலே இருந்திருக்கலாம். ஃபெயில் என்று போட்டு அவர் கையில் கொடுத்தேன்.

அவர் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "ரிப்போர்ட்ட நேத்தே அனுப்பிட்டேன் சார். இன்னைக்கு நீங்க நிம்மதியா என்னை ஃபெயில் பண்ணலாம்னுதான்" என்றார். என்ன எழுதினீர்கள் என்று நான் கேட்கவில்லை, கேட்கவும் கூடாதாம். இறங்கிப்போய், சாய்ந்து கிடந்த கூம்பைத் தன் கையாலேயே நிமிர்த்தி வைத்துவிட்டு வந்து, "அடுத்த மாசம் வர்றேன். எனக்கு எவ்வளவு சான்ஸ் இருக்கு சார், உண்மையச் சொல்லுங்க" என்றார்.

பொய் சொல்ல வாய் வரவில்லை. "நூத்துக்கு நாலு" என்றேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "நான் அங்க அப்ளை பண்ணினப்பவும் அவ்வளவுதான் சார் சொன்னாங்க" என்றார்.