கான் டாக்டர் போட்ட நீலக்கோடு

கான் டாக்டரைத் தோட்டத்தை விட்டுத் துரத்திய மொட்டைக் கடிதத்தை எழுதியவன் நான்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நடுவில் தைரியம் போய்விடும்.

இலங்கை மலைநாடு முழுவதிலும் துரை, கங்காணி, தொழிலாளி என்று பாராமல் எல்லார் கழுத்தையும் ஒரே மரியாதையோடு உற்றுப் பார்த்த மனிதர் அவர் ஒருவர்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில், ஹட்டனுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் அவர்; எங்களுக்கு டாக்டர். நான் ஆபீஸ் கிளாக்கர். மலையில் மழைத்தண்ணீர் வடிய வெட்டும் வாய்க்காலைக் கான் என்போம். முகத்திலும் கழுத்திலும் ரத்தம் வடியும் நாளங்களை அவர் அந்தக் கானை வைத்தே விளக்குவார்; அதனால் கான் டாக்டர். என் மேசையில் திருடிய காப்பிங் பென்சிலை ஈரத்துணியில் தொட்டு, அகப்பட்ட முகத்திலெல்லாம் நீலக்கோடு இழுப்பார்.

ஒருநாள் காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் பெரிய கங்காணி பெண்களைத் திட்டிக்கொண்டிருந்தார். டாக்டர் ஓடி வந்தார்.

"அப்படியே நில்லுங்க கங்காணி! வாய மூடிறாதீங்க! பாருங்கம்மா, தாடைக்குக் கீழ பொடைச்சுக்கிட்டு எறங்குதுல்ல, அதுதான் வெளிக்கழுத்து நாளம். இன்னொருக்கா திட்டுங்க கங்காணி, பின்னால நிக்கிறவங்களுக்குத் தெரியல."

அன்றிலிருந்து கங்காணி கழுத்தைத் துண்டால் மூடிக்கொண்டுதான் திட்டினார்.

கொழுந்து பறிக்கும் முத்தம்மா மட்டும் அவரை மடக்கினாள். "கூடைக் கயித்த நெத்தியில மாட்டிக்கிட்டு மலை ஏறுறோமே, எங்க கான் எங்கிட்டுங்க வடியும்?"

மறுநாள் டாக்டரே நெற்றியில் கயிற்றை மாட்டி, நிறைந்த கூடையோடு உச்சிவரை ஏறினார். ஏறியதும் மூச்சு வாங்கக்கூட நிற்காமல் முகம் பார்க்கும் கண்ணாடி கேட்டார். புடைத்திருந்த நெற்றியைத் தடவிப் பார்த்து, "ரெண்டு விரக்கடை மேல ஏத்திக் கட்டுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

அவருடைய பெரிய சட்டம் மூக்கைப் பற்றியது. மூக்கின் வேரிலிருந்து வாயின் இரு ஓரம் வரை ஒரு முக்கோணம். அதற்குள் வந்த கட்டியை யாரும் பிதுக்கக் கூடாது. "மத்த கானெல்லாம் கீழதான் வடியும். இதுக்கு மட்டும் திரும்பி ஏறாம தடுக்குற கதவு கெடையாது. அழுத்துனா சீழு கண்மூலை வழியா மூளைப் பக்கம் ஏறிரும். அப்புறம் ஆளு இல்ல."

வலப்பனையில் எனக்குப் பெண் பார்க்கப் போக மூன்று நாள் இருந்தபோது, என் மூக்கோரத்தில் நெல்லிக்காய் அளவு கட்டி வந்தது. ஊசி போட்டார், ஒத்தடம் கொடுத்தார். "ஞாயித்துக்கெழம பொண்ணு பாக்கணுங்க" என்றேன்.

"போங்க. நானும் வர்றேன்."

வந்தார். பெண் வீட்டில் மூன்று முறை என் கை மூக்குக்குப் போனது. மூன்று முறையும் டாக்டர் அந்தக் கையில் பளாரென்று அடித்தார். "மாப்பிள்ளைக்கு நரம்புத் தளர்ச்சிங்களா?" என்றார் பெண்ணின் அப்பா. விளக்கம் சொல்ல வாய்ப்புக் கிடைத்தால் டாக்டர் விடுவாரா? எல்லார் முன்னாலும் என் முகத்தில் கோடு போட்டார். கதவுக்குப் பின்னால் வளையலும் சிரிப்பும் கேட்டன.

அடுத்த வாரம் சொல்லி அனுப்பினார்கள்: "மொகத்துல இம்புட்டு ஆபத்த வச்சிருக்கிற பையனுக்குக் குடுக்க யோசனையா இருக்கு."

கட்டி தானாகவே உடைந்து ஆறிப்போயிருந்தது. என் ஆத்திரம் ஆறவில்லை. டிஸ்பென்சர் பெண்களின் முகத்தைத் தொட்டுக் கெட்ட எண்ணத்தோடு கோடு போடுகிறார் என்று துரைக்குப் பெயரில்லாமல் எழுதினேன். பொய் என்று தெரிந்தே எழுதினேன். விசாரித்தார்கள், பெண்களில் ஒருத்தியைக்கூடக் கேட்கவில்லை. அவரை உடப்புசல்லாவை என்ற ஊர்ப் பக்கம் மாற்றிவிட்டார்கள்.

முத்தம்மா ஆபீஸ் ஜன்னலுக்கு வந்தாள். "மூஞ்சியக் காட்டுனது நாங்க. எங்களக் கேக்காம எங்க மானத்தையும் சேத்து எழுதியிருக்கான். அவன் கை வெளங்குமா, கிளாக்கரையா?"

என் கையில் பேனா இருந்தது. அதை வைத்துவிட்டு நேரே துரையிடம் போய் ஒப்புக்கொண்டேன். துரை கத்தினார். கத்தும்போது அவருடைய வெளிக்கழுத்து நாளம் அருமையாகத் தெரிந்தது. பிறகு டாக்டர் குற்றமற்றவர் என்றும் திரும்பி வரலாம் என்றும் கடிதம் எழுதி, நீயே கொண்டுபோய்க் கொடு என்றார்.

உடப்புசல்லாவை மருந்துச் சாலையில் டாக்டர் கடிதத்தைப் படித்து மடித்தார். "நீங்கதான்னு தெரியும்."

"எப்படிங்க?"

"விசாரணையில வாசிச்சாங்க. மூக்கோரம் ஆரம்பிச்சு, கண்ணோட உள்மூலையத் தொட்டு, தாடை வழியா கழுத்துக்கு எறங்குற கோடுன்னு எழுதியிருந்தீங்க. ஒரு பெசகு இல்ல. நாலு வருசத்துல ஒழுங்காக் காது குடுத்தவரு நீங்க ஒருத்தருதான்."

"கோபம் வரலிங்களா?"

"பொம்பளைங்கள இழுத்தீங்க பாருங்க, அதுக்கு வந்துச்சு. இன்னும் போகல."

"திரும்பி வாங்கய்யா."

"எப்படி வர்றது? இங்க எல்லாரும் மூக்கப் பிதுக்கிக்கிட்டுத் திரியுறாங்க. இப்படி உக்காருங்க."

உட்கார்ந்தேன். மருந்துக்கு வந்திருந்த வரிசை முழுவதும் பார்க்க, நெற்றியிலிருந்து காலர் எலும்பு வரை என்மேல் கோடு போட்டுப் பாடம் நடத்தினார்.

நுவரெலியாவில் பஸ் மாறும்போது, பஸ் நிலையத்தை ஒட்டிய கடையின் முஸ்லிம் முதலாளி நானா எட்டிப் பார்த்தார். "என்ன தம்பி, மொகத்துல ரோட்டுப் படமா?" முழுவதும் விளக்கினேன். கேட்கக் கேட்க, மீசையோரத்துப் பருவைத் தடவிக்கொண்டிருந்த தன் கையை மெல்ல இறக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து கைகால் கழுவினேன். முகத்தை மட்டும் இரண்டு நாள் கழுவவில்லை.