இருபத்து நான்கு சென்டிமீட்டர்ப் பெரும்போர்

மண்ணைப் பிளந்து வெண்கோல் எடுத்தவள், ஆய்வுக்கூடத்தின் பின்புறத்து ஆறடி நிலத்துக்குத் தனிப்பேரரசி, இரண்டே முக்கால் கிலோ எடையில் ஒற்றை முள்ளங்கியை விளைவித்து நடுவர் மூவரையும் நாற்காலியை விட்டு எழச் செய்தவள், பத்தாம் வகுப்பு 'இ' பிரிவின் கடைசி பெஞ்சைச் சிங்காதனமாகக் கொண்டவள், நண்பராலும் பகைவராலும் ஒருங்கே 'முள்ளங்கி' என்று விளிக்கப்பட்டவள், அவள் வாழ்க. அவள் மார்போடு அணைத்திருந்த தகரப் பூவாளி வாழ்க. அப்பூவாளியின் நீண்ட மூக்கும் வாழ்க, ஏனெனில் இனி விளைந்த அத்தனைக்கும் அந்த மூக்கே மூலம். நாவே, தடுமாறாதே. பேனாவே, நடுவில் மை கக்காதே. சொல்லப் போவது சின்னச் சண்டை அன்று.

அவ்வாண்டு பள்ளிகளுக்கிடையே நடந்த போட்டிகளில் அந்த உயர்நிலைப் பள்ளி நால்வகைப் படையாலும் வாகை சூடியிருந்தது. கணிதப் போரில், தாளும் பென்சிலும் தொடாமல் ஏழு இலக்கப் பெருக்கலைக் கண்மூடித் திறப்பதற்குள் முடித்து, கேள்வி கேட்டவரையே விடை சரிபார்க்க வைத்த பத்தாம் வகுப்பு 'கால்குலேட்டர்' கேடயம் வென்றாள். கலைக்களத்தில், நாடகத்தில் அரசனாக நடித்துச் சிறந்த நடிகன் சிலையைப் பெற்ற பதினோராம் வகுப்பு 'மன்னர்', திரை விழுந்து மூன்று வாரமாகியும் அரியணையை விட்டு இறங்காமல் கேன்டீனில்கூட ஆணையிட்டுக்கொண்டிருந்தான். விளையாட்டில், உயரம் தாண்டுதலில் கம்பையே நாணச் செய்த பன்னிரண்டாம் வகுப்பு 'ஒட்டகச்சிவிங்கி' யானைக் காது போன்ற இரு கைப்பிடிகளுடைய கோப்பையைத் தூக்கி வந்தாள். வேளாண்மையிலோ, விவசாயிக்குக் கோப்பை எதற்கு, உபயோகமாக ஏதாவது கொடுப்போம் என்று சிந்தித்த அமைப்பாளர்கள், 'முதல் பரிசு' என்று சிவப்புப் பெயின்டில் எழுதிய ஒரு பூவாளியை நம் தலைவிக்கு வழங்கினார்கள்.

இப்படியிருக்க, தலைமையாசிரியை அறைக்கு வெளியே, தாழ்வாரத்தில், கண்ணாடிக் கதவுகளோடு நின்றது பரிசு அலமாரி. அறுபத்து மூன்று கோப்பைகள் தோளோடு தோள் உரச நின்றிருந்த அந்த அடர்வனத்தில் ஒரு கொசு நுழையவும் வழியில்லை. ஆனால் விதி வலியது. ஒன்பது ஆண்டுகளாக மேல்தட்டில் குடியிருந்த சுழற்கோப்பையை வேறொரு பள்ளி வென்று, முந்தின வாரம் ஆட்டோவில் வந்து தூக்கிப்போய்விட்டது. அது நின்ற இடம் காலியானது. ஒரே இடம், அதன் மேல் நான்கு வெற்றி வீரர்களின் எட்டுக் கண்கள்.

தலைமையாசிரியை வெள்ளிக்கிழமை காலை நால்வரையும் அழைத்தார்.

"மூணு மணிக்குப் பெற்றோர் கூட்டம். மதியம் அலமாரியத் தொறக்கச் சொல்லியிருக்கேன். ஒரு பரிசுக்குத்தான் இடம் இருக்கு, மத்தது ஸ்டோர் ரூமுக்குப் போகும். எதை வைக்கிறதுன்னு நீங்களே பேசி முடிவு பண்ணுங்க. எனக்கு முக்கியமான போன் வரும். சண்டை சத்தம் கேக்கக் கூடாது."

ஸ்டோர் ரூம் என்பது யாதெனின், உடைந்த பூகோள உருண்டைகளும் ஒற்றைக் கால் எலும்புக்கூடும் வாழும் இருட்டுப் பாதாளம். அங்கே போன பொருள் திரும்பியதாக வரலாறு இல்லை.

மற்ற மூவருக்கும் அது கௌரவப் பிரச்சினை. முள்ளங்கிக்கு அதனினும் ஒரு படி மேல். அவள் அம்மா ஆயத்த ஆடைக் கம்பெனியில் காலர் தைப்பவள். நாளொன்றுக்கு நானூறு காலர். அந்த அம்மா அதுவரை மூன்று முறை அரைநாள் விடுப்பெடுத்து இப்பள்ளிக்கு வந்திருக்கிறாள்: கணக்கில் பதினேழு மதிப்பெண்ணுக்காக ஒருமுறை, வகுப்பில் தூங்கியதற்காக ஒருமுறை, வகுப்பில் தூங்கிக்கொண்டே பதில் சொன்னதற்காக ஒருமுறை. மூன்று முறையும் தலைமையாசிரியை அறைக்கு வெளியே, அதே அலமாரிக்கு எதிரே நின்று, உள்ளே கூப்பிடும்வரை அந்தக் கோப்பைகளை ஒவ்வொன்றாகப் படித்தவள். இம்முறை படிப்பதற்கு ஒன்று இருக்க வேண்டும் என்று மகள் சபதம் பூண்டிருந்தாள். பரிசு விஷயத்தை வீட்டில் மூச்சுவிடவில்லை. நான்கு நாளாகப் பூவாளியைச் செய்தித்தாளில் சுற்றி, ஒரு சொட்டு நீர் படாமல், வகுப்பறை மூலையில் கண்ணை இமை காப்பதுபோல் காத்து வந்தாள்.

மதிய உணவு மணி போர்முரசென முழங்கிற்று. சாவிக்கொத்தின் ஏகபோகச் சக்கரவர்த்தியும், அப்பள்ளியின் நாற்பத்தொரு பூட்டுகளுக்கும் குலகுருவுமான அலுவலக உதவியாளர் 'பூட்டு அண்ணன்' வந்து அலமாரியைத் திறந்தார். பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு அமர்ந்தார். மடியில் சாப்பாட்டு டப்பாவை வைத்தார். பின்பு, காலதேவனே வாய் திறந்ததுபோல் அறிவித்தார்.

"நான் சாப்பிட்டு முடிச்சு டப்பாவ மூடுற வரைக்கும்தான் கதவு தொறந்திருக்கும். அப்புறம் என்னைக் கேக்காதீங்க."

முதல் கவளம் வாய்க்குள் போயிற்று. போர் தொடங்கிற்று.

மூடிய கதவுக்கு அப்பால் தலைமையாசிரியை போனில் பேசிக்கொண்டிருந்ததால், இடியும் மின்னலும் எழவேண்டிய அக்களத்தில் காற்றொலி மட்டுமே எழுந்தது. உலகில் நிகழ்ந்த மாபெரும் போர்களுள் முழுக்க முழுக்கக் கிசுகிசுப்பில் நிகழ்ந்தது இது ஒன்றேயாகும்.

கால்குலேட்டர் முதல் அம்பை எய்தாள். ஸ்கேலை நீட்டி இடத்தை அளந்தாள்.

"இருபத்து நாலு சென்டிமீட்டர். என் கேடயம் இருபத்து மூணு. அக்கா கோப்பை முப்பத்தொண்ணு. அண்ணா சிலை அகலம் பதினாலுதான், ஆனா உயரம் தட்டைவிட ரெண்டு சென்டிமீட்டர் அதிகம். பூவாளி மூக்கோட நாப்பத்தொண்ணு. அவ்வளவுதான், முடிஞ்சுது."

எண்கள் யாவும் அவள் பக்கம் அணிவகுத்து நின்றன. ஆனால் எண்களுக்கு அஞ்சுபவன் மன்னனாகான்.

"அற்ப அளவுகோல் கொண்டு அரசனை அளப்பதோ" என்று அவன், மூச்சை மட்டும் முழக்கமாக்கி முழங்கினான். "நாம் படுத்த கோலத்தில் எழுந்தருள்வோம். இடம் ஒழியட்டும்."

"படுக்க வச்சா செத்துப்போன ராஜா மாதிரி இருக்கும் அண்ணா" என்றாள் முள்ளங்கி.

இவ்வளவும் நடக்க, ஒட்டகச்சிவிங்கி ஒன்றும் பேசாது சுவரில் சாய்ந்து நின்றாள். அவள் பேசத் தேவையில்லை. காலியிடம் மேல்தட்டில் இருந்தது. ஸ்டூலிலோ பூட்டு அண்ணன் வீற்றிருந்தார். அவரை எழுப்புவது உறங்கும் மலையை எழுப்புவதற்கு ஒப்பு. ஆகவே கேடயத்துக்கு நியாயம் இருந்தது, சிலைக்கு வசனம் இருந்தது, மேல்தட்டை எட்டும் கை அவளிடம் மட்டுமே இருந்தது. இதை மற்ற மூவரும் ஒரே கணத்தில் உணர்ந்து அவள் பக்கம் திரும்பினார்கள். டப்பாவில் பாதி காலியாகியிருந்தது.

கால்குலேட்டர், ஆண்டுத் தேர்வு முடியும்வரை வீட்டுப்பாடக் கணக்கு அனைத்தையும் செய்து தருவதாகத் தூது விட்டாள். மன்னன் தன் சாம்ராஜ்யத்தில் பாதியை அளித்தான். பாதி எது என்று கேட்டதற்குக் கேன்டீன் இருந்த திசையைக் கையால் காட்டினான். முள்ளங்கியிடம் கொடுக்க ஒன்றுமில்லை. முள்ளங்கியைக்கூட நடுவர்கள் எடை போட்டுவிட்டு எடுத்துப்போய்விட்டார்கள்.

"அக்கா" என்றாள், மெதுவாக. "எங்கம்மா மூணு மணிக்கு வர்றாங்க. இதுக்கு முன்னாடி மூணு தடவ வந்தாங்க. மூணு தடவையும் என்னைப் பத்திக் குறை கேக்கத்தான்."

ஒட்டகச்சிவிங்கி குனிந்து பார்த்தாள். அவ்வளவு உயரத்திலிருந்து குனிந்து வர நேரம் பிடித்தது.

"எங்கப்பா ஒரு தடவகூட வந்ததில்ல" என்றாள். "குடு அத."

அந்தோ, பகைவர் நெஞ்சம் பதைக்க, பூவாளி வானேறிற்று. செய்தித்தாள் போர்வையோடு மேல்தட்டில் அது அமர்ந்தபோது அதன் மூக்கு, மகுடம் சூடிய கையோடு வாளையும் உருவிய இளவரசன்போல், கதவைக் கடந்து வெளியே நீண்டது. உள்நோக்கித் திருப்பினால் பிடி வெளியே வந்தது. குறுக்கே திருப்பினால், யாரோ எப்போதோ சதுரங்கத்தில் வென்ற சின்னக் கோப்பையின் வாய்க்குள் மூக்கு புகுந்துகொண்டது. "புகுந்தாலும் நல்லதுதான், அப்படியே தள்ளு" என்று முள்ளங்கி உத்தரவிட்ட அந்த இக்கட்டான தருணத்தில், நீதி நிலைகுலைவது கண்டு பொறாத கால்குலேட்டர் எம்பிக் குதித்துத் தன் கேடயத்தைப் பக்கவாட்டில் செருகினாள். அதே நேரம், வரலாறு தன்னைக் கைவிட்டதாக எண்ணிய மன்னன் கிசுகிசுக்க மறந்தான்.

"முன்னேறுங்கள்" என்று மூன்று தாழ்வாரங்களுக்குக் கேட்கும்படி கர்ஜித்து, தானும் எம்பிச் சிலையைத் தலைகீழாய் உள்ளே திணித்தான்.

சதுரங்கக் கோப்பை சாய்ந்தது. அது சாக்கு ஓட்டக் கோப்பையின் விலாவில் விழ, அது கையெழுத்துப் போட்டிக் கோப்பையின் கழுத்தைப் பற்ற, மேல்தட்டுப் படை நடுத்தட்டின்மேல் சரிய, நடுத்தட்டு கீழ்த்தட்டோடு கலக்க, ஊழிக்காலத்து மலைகள் உருள்வதுபோல் அறுபத்து மூன்று கோப்பைகளும் கணகணவென்று தாழ்வாரமெங்கும் ஓடின. கடைசியாக ஒரு கோப்பையின் மூடி மட்டும் தனியே வட்டமிட்டு, வட்டமிட்டு, நெடுநேரம் யோசித்து, தலைமையாசிரியை அறை வாசலில் போய்ப் படுத்தது. கதவு திறந்தது.

பூட்டு அண்ணன் டப்பாவை மூடினார்.

"தூசி தட்டினோம் மேடம்" என்றார்.

தலைமையாசிரியை குனிந்து அந்த மூடியை எடுத்தார். விரலால் தேய்த்தார். விரல் கரியானது.

"இதெல்லாம் கழுவி எத்தனை வருஷமாச்சு?"

"நான் சேர்ந்து பதினெட்டு வருஷம் ஆச்சு மேடம். அதுக்கு முன்னாடி தெரியாது."

தீர்ப்பு உடனே வழங்கப்பட்டது: மூன்று மணிக்குள் அத்தனையும் கழுவித் துடைத்து உள்ளே வைக்கப்பட வேண்டும்; கழுவுவோர் இந்நால்வரே. வாளிகள் எங்கே என்று கேட்டபோது, இரண்டும் ஓட்டை என்று பூட்டு அண்ணன் தெரிவித்தார். அப்போது மற்ற மூவரின் ஆறு கண்களும் ஒரே திசையில் திரும்பின.

முள்ளங்கி, சரிவில் தன் கைக்கே வந்து விழுந்திருந்த பூவாளியைப் பார்த்தாள். ஒரு கணம், ஒரே கணம், அவள் கை அதை இறுக்கிக்கொண்டது. அக்கணத்தில் அவள் நெஞ்சில் நிகழ்ந்த போரைப் பாட எந்தப் பரணிக்கும் வலிமையில்லை. பின்பு செய்தித்தாளைக் கிழித்தாள். குழாயடிக்குப் போய்ப் பூவாளியை நிரப்பினாள்.

முற்றத்தில் புதியதொரு சேனை திரண்டது. அவள் பூமழை பொழிந்தாள். மன்னன், முழங்கால்வரை கால்சட்டையை மடித்து, தேங்காய் நாரால் தேய்த்தான். ஒட்டகச்சிவிங்கி துடைத்தாள். கால்குலேட்டர் வெயிலில் அளவு வாரியாக அடுக்கினாள். கரி கரைய எழுத்துகள் மேலே வந்தன. 'ஊசியில் நூல் கோத்தல், மூன்றாம் இடம்' என்று ஒன்று. 'தக்காளி, ஆறுதல் பரிசு' என்று இன்னொன்று.

"தக்காளிக்குக் கோப்பை குடுத்திருக்காங்க, எனக்கு மட்டும் பூவாளி" என்றாள் முள்ளங்கி.

"ஆறுதல் பரிசுதானே" என்றாள் கால்குலேட்டர். அன்றைக்கு அவள் பேசியதில் கணக்குக் கலக்காத ஒரே பேச்சு அது.

இரண்டேகால் மணிக்கே அம்மா வந்துவிட்டாள். சூப்பர்வைசர் கொஞ்சம் முன்னதாகவே விட்டுவிட்டாராம். தோளில் நூல் பிசிறு ஒட்டியிருக்க, கையில் பையோடு, முற்றத்தின் ஓரத்தில் நின்றாள். சுற்றிலும் பாத்திரம் பாத்திரமாய்ப் பரந்து கிடக்க, நடுவே பாவாடை நனைய நிற்கும் மகளைக் கண்டாள். அவள் முகத்தில் ஏற்கெனவே மூன்று முறை வந்து பழகிய களைப்பு வந்து உட்கார்ந்தது.

"இந்தத் தடவ என்ன பண்ணின?"

"ஒண்ணும் பண்ணலம்மா. பரிசு வாங்கினேன்."

"எங்க?"

"இதான்." பூவாளியைத் தூக்கிக் காட்டினாள். மூக்கிலிருந்து தண்ணீர் அம்மாவின் செருப்பில் ஊற்றியது.

அம்மா பையைக் கீழே வைத்துவிட்டுப் பூவாளியை வாங்கினாள். சிவப்பு எழுத்தை வாய்க்குள் படித்தாள். இரண்டாம் முறையும் படித்தாள். பின்பு, நானூறு காலரின் மடிப்பை நாள்தோறும் தடவிப் பார்க்கும் விரலால் அடிப்பக்கத்துப் பற்றவைப்பை ஒரு சுற்றுத் தடவி, கவிழ்த்து, வெயிலில் பிடித்து ஒழுகுகிறதா என்று பார்த்தாள்.

"தையல் நல்லாருக்கு" என்றாள். "எதுக்குக் குடுத்தாங்க?"

"முள்ளங்கிக்கு."

"நம்ம வீட்ல நீ முள்ளங்கி சாப்பிடவே மாட்டியே."

"வளக்கத்தான் தெரியும்" என்றாள் மகள்.

மூன்று மணிக்கு அலமாரி பூண்ட கோலத்தைக் கண்டு சூரியனே கூசினான் என்பர். சின்னதைப் பெரியதற்குள் வைத்துக் கால்குலேட்டர் வகுத்த வியூகத்தால் கோப்பைகள் கீழிரண்டு தட்டுகளிலேயே அடங்க, மேல்தட்டு முழுவதும் வெறிச்சோடிக் கிடந்தது. கேடயம் ஏறியது, சிலை அதன் தோளில் சாய்ந்து, படுத்தும் நின்றும் அல்லாத கோலத்தில் எழுந்தருளியது, யானைக் காதுக் கோப்பை இரு காதுகளையும் விரித்து அமர்ந்தது. அதற்குப் பிறகும் ஒரு பூவாளி கால்நீட்டிப் படுக்க இடமிருந்தது. ஒட்டகச்சிவிங்கி கையை நீட்டினாள்.

"குடு, வைக்கிறேன்."

எந்த இடத்துக்காக நட்பும் பகையும் எழுந்தனவோ, எந்த இருபத்து நான்கு சென்டிமீட்டருக்காக அறுபத்து மூன்று மணிமுடிகள் மண்ணில் உருண்டனவோ, அந்த இடம் இப்போது இருமடங்காய் விரிந்து அவளை அழைத்தது. முள்ளங்கி திரும்பிப் பார்த்தாள். பூவாளி அம்மாவின் கையில் இருந்தது. அம்மா அதை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, எழுத்து வெளிப்பக்கம் தெரியும்படி திருப்பிப் பிடித்து, கூட்டத்துக்கு வந்த இன்னொரு அம்மாவிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ஈரமா இருக்கு அக்கா" என்றாள் முள்ளங்கி. "உள்ள வச்சா துருப்பிடிச்சிடும்."

கூட்டத்தில் அவள் கணக்கு மதிப்பெண் பதினேழிலிருந்து இருபத்தொன்றாக உயர்ந்திருப்பதாக அறிவிக்கப்பட்டது. பாராட்டா குறையா என்று யாரும் விளக்கவில்லை. நான்கரை மணியளவில், வெற்றித் திருமகளும் அவளை ஈன்ற காலர்ப் பெருமாட்டியும், செம்பொறி எழுத்துடைப் பூவாளி முன்செல்ல, ஏனைய மூவகைச் சேனையும் கண்ணாடிக்குள் நின்று வழியனுப்ப, பள்ளியின் பெருவாயிலைக் கடந்து, மேற்றிசை ஞாயிற்றை எதிர்கொண்டு, வரலாற்றின் நெடுஞ்சாலையில் அடியெடுத்து வைத்தார்கள்.

பஸ்ஸில் உட்கார இடமில்லை, நின்றுகொண்டே போனார்கள்.