வெளிய இருக்கிற அளவே உள்ளயும்

அன்புத் தம்பிக்கு, உன் அக்கா ஆசிகளோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் மாமாவும் சுகம். உன் கேமராவும் சுகம், ஒரு கீறல் இல்லை. சுகமில்லாமல் இருப்பது என் நாத்தனார் மட்டும்தான். அதற்குக் காரணம் நான். போனில் சொன்னால் சிரித்தே கட் பண்ணிவிடுவாய், அதனால் எழுதுகிறேன்.

இத்தனை வருஷம் கழித்து அவளுக்கு ஒரு வரன் வந்திருக்கு. கடிகாரம் பழுது பார்க்கிறவர், நல்ல மாதிரி. போட்டோ கேட்டார். போட்டோன்னாலே தலையைக் குனியறவளைக் கெஞ்சிக் கூத்தாடி ஜன்னலோரம் உட்கார வச்சேன். எந்த லென்ஸ் போடுறதுன்னு தெரியாம, ஒண்ணுல எழுதியிருந்ததைப் படிச்சு உனக்குப் போன் பண்ணி, "மேக்ரோன்னா என்னடா?"ன்னேன். நீ என்ன சொன்னே? "வெளிய இருக்கிற அளவே உள்ளயும் விழணும்க்கா, அதான் மேக்ரோ"ன்னுட்டு வச்சுட்டே. உள்ளன்னா கேமராவுக்குள்ளன்னு நான் கண்டேனா? வெளிய ஒண்ணு உள்ள ஒண்ணு இல்லாத மனுஷங்களுக்குன்னே செஞ்ச லென்ஸ் போலன்னு நினைச்சேன். நம்ம வீட்டுல அப்படி ஒரே ஆள் அவதானே! அதையே கேமராவுல மாட்டிக்கிட்டு, போக முடிஞ்ச மட்டும் கிட்டப் போனேன். "அண்ணி, மூக்குல இடிக்குது"ன்னா. "சும்மா இருடி, மனசு தெரியணும்"னேன். கண்ணாடி போடலையா, பின்னாடி திரையில எல்லாம் பளபளன்னுதான் தெரிஞ்சுது. கடையில ரெண்டு பிரிண்ட் எடுத்து, தனித்தனி உறையில போட்டு ஒட்டிக் கொடுத்தாங்க. ஒண்ணைப் பிரிக்காமலே தரகர்கிட்ட கொடுத்துட்டேன். இன்னொண்ணை வீட்டுல பிரிச்சா, முழு அட்டையிலயும் ஒரே ஒரு கண்ணோட ஓரம்! வாய்க்கால் வாய்க்காலா சுருக்கம். நடுவுல ஒரு நரைச்ச இமைமுடி, விளக்குமாத்துக் குச்சியாட்டம்.

உன் மாமா தலைகீழாத் திருப்பி, "இது எந்த ஊரு மேப்பு?"ன்னார். நான் சிரிச்சுட்டேன். அவ சிரிக்கல. "அண்ணி, என் மூஞ்சி எங்க? இதுதானா நான்?"னு கேட்டுட்டு உள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டா. கல்யாணமே வேண்டாமாம். நான் பண்ணாத கேலியா? ஒண்ணுக்கும் அவ அழுததில்லை. கேமரா சொன்னா நம்பிடுறா.

அப்புறம்தான் போட்டோக் கடைக்காரர் விளக்கினார். எறும்பு எவ்வளவு பெரிசோ, கேமராவுக்குள்ள படம் விழுற தகட்டுலயும் அதே அளவுக்கு விழுந்தாத்தான் மேக்ரோவாம். பூவைக் கிட்டப் பிடிக்கிறதெல்லாம் வெறும் கிட்டப் பிடிக்கிறதுதானாம். "தகடு ரெண்டு விரல் அகலம், அதுல மூஞ்சி எப்படிம்மா அடங்கும்? அதே லென்ஸோட நாலடி தள்ளி நின்னிருந்தா அடங்கியிருக்கும், ஆனா அது மேக்ரோ இல்ல"ன்னார்.

ஞாயித்துக்கிழமை நீயே வந்து, தள்ளி நின்னு, அவளை அவளாப் பிடிச்சுக் கொடு. "தப்பு உன் மூஞ்சியில இல்ல, எங்கக்கா நின்ன இடத்துல"ன்னு நீ சொன்னா நம்புவா. கேமராவைப் பீரோவுல வச்சுப் பூட்டிட்டேன். இனிமே சத்தியமாத் தொட மாட்டேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
கிட்டப் போய்க் கெட்டுப்போன உன் அக்கா

பி.கு.: இந்தக் கடுதாசி உறையை ஒட்டுறதுக்குள்ள வாசல்ல தரகர். மாப்பிள்ளைக்குப் பிடிச்சுப்போச்சாம்! நாளெல்லாம் ஒத்தைக் கண்ணுல பூதக்கண்ணாடியோட உட்கார்ற மனுஷன். "இது சிரிச்சுச் சிரிச்சு விழுந்த சுருக்கம். மீதி மூஞ்சியை நேர்ல வந்து பார்த்துக்கறேன்"னாராம். கதவு திறந்தாச்சு, நீ வரவேண்டாம். பீரோவும் திறந்தாச்சு. கேமரா இப்ப அவ கையில. "அசையாதீங்க அண்ணி, மனசு தெரியணும்"னு என் மோவாய்கிட்ட வந்து நிக்கிறா. அங்க ரெண்டு முடி இருக்குடா, உடனே கிளம்பி வா.