துகளுக்கு ஒரு சுற்றறிக்கை

உலக மருத்துவ வரலாற்றில் ஒரு மருந்துக்கே எழுத்தில் உத்தரவு அனுப்பிய முதல் நிலையம், கண்டிக்கும் பேராதனைக்கும் நடுவிலுள்ள எங்கள் புற்றுநோய் சிகிச்சை நிலையம்தான். உத்தரவைத் தட்டச்சு செய்தவன் நான். நிர்வாகச் செயலாளர் என்ற முறையில் பூரிக்கிறேன்.

டொக்டர் றிஸானா தருவித்த தங்க நுண்துகள்கள் இரத்தத்தோடு ஓடிப் புற்றுக்கட்டிக்குள் குடியேறும். ஸ்கானில் கட்டியைக் காட்டிக்கொடுக்கும். மேலிருந்து லேசர் அடித்தால் சூடேறி, அந்தக் கட்டியையே பொசுக்கிவிடும். ஒரே ஆள், இரண்டு வேலை! எங்கள் நிலையத்தில் இப்படியொரு ஒழுங்கீனம் அதுவரை நடந்ததில்லை.

திங்கட்கிழமை காலை, வத்தேகமப் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் தெரேசாவுக்கு ஊசி போட்டார்கள். கழுத்துக் கட்டி திரையில் ஜம்மென்று தெரிந்தது. கைதட்டினோம். அப்புறம்தான், லேசர் ‘சிகிச்சைப் பிரிவு’ அலுமாரியில் பூட்டிக் கிடப்பது நினைவுக்கு வந்தது. அவசரக் கூட்டம் கூடியது. தேநீரோடு கொறிக்கப் பட்டிஸும் வந்தது.

“நாலு மணிக்குள்ள லேசர் லைட்ட அடிக்கணும் சேர். பொறகு துகள் கட்டிய விட்டுப் போயிரும். அடுத்த டோஸ் வர ஆறு மாசம் செல்லும்” என்றார் றிஸானா.

பணிப்பாளர் றொட்னி கண்ணாடியைக் கழற்றினார்.

“அந்தத் துகள் ஸ்கான் எடுக்கிற படப் பிரிவு பேர்ல வந்த சாமான். வைத்தியம் பார்க்க அதுக்கு அதிகாரம் இருக்கா?”

“அதிகாரமெல்லாம் அதுக்குத் தெரியாது சேர். சூடாக மட்டுந்தான் தெரியும்.”

“அதுதான் டொக்டர் ஆபத்து!”

வெளியே கதிரையில் இருந்த தெரேசா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். “மூணரை ஆச்சுங்கய்யா.”

“கூட்டம் நடக்குதம்மா” என்றேன் கம்பீரமாக.

மூன்று ஐம்பதுக்கு ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது: ‘மறு அறிவித்தல் வரை புற்றுநோயைக் குணப்படுத்துவதிலிருந்து விலகியிருக்குமாறு மேற்படி துகள்கள் இத்தால் பணிக்கப்படுகின்றன.’ துகள்களின் தாய்மொழி தெரியாததால் மும்மொழியிலும் அடித்தேன். அவற்றின் ‘தற்போதைய முகவரி’ தெரேசா என்பதால் கடிதத்தை அவர் கையிலேயே ஒப்படைத்தேன். மணி நாலே கால்.

“என்னங்கய்யா எழுதியிருக்கு?”

“மருந்து கொஞ்சம் பொறுத்திருக்கணும்னு எழுதியிருக்கு.”

தெரேசா கடிதத்தை நாலாக மடித்தார். “மருந்து பொறுக்குங்கய்யா. கட்டிக்கும் ஒரு கடுதாசி குடுத்தீங்களா?”

கோப்பைப் புரட்டினேன். கொடுக்கவில்லை. அன்று எங்கள் நிலையத்தில் யாருடைய அனுமதிக்கும் காத்திராமல் வேலை பார்த்தது அந்தக் கட்டி ஒன்றுதான்.