பழைய பெட்ரோலும் பல் டாக்டரும்

சனிக்கிழமை காலை பல் விளக்கும்போதே பல் டாக்டர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். நாளைக்கு மாமனார் இந்த வீட்டு வாசலில் வலது காலை எடுத்து வைக்கும்போது, மாப்பிள்ளையின் இரண்டு காலும் தண்ணீருக்கு மேலே இருக்க வேண்டும். அதாவது, படகில்.

முந்தின நாள் சாப்பாட்டு மேசையில்தான் மனைவி குண்டைப் போட்டாள். "நாளன்னைக்கு அப்பா வர்றார். நாலு நாள் இருப்பார்."

மாமனார் நிலம் அளந்து ஓய்வு பெற்றவர். கதை சொல்ல ஆரம்பித்தால் நான்கு எல்லைக்கல்லையும் தொடாமல் நிறுத்த மாட்டார். போன தடவை ஒரு கிணற்றை அளந்த கதை இரண்டு நாள் ஓடியது. மூன்றாம் நாள்தான் தெரிந்தது, அந்தக் கிணற்றில் தண்ணீரே இல்லையாம். பல் டாக்டருக்குத் தன் தொழில் பிடித்துப் போனதே, வாயைத் திறந்த பிறகு எந்த நோயாளியாலும் பேச முடியாது என்பதால்தான். மாமனார் மட்டும் விதிவிலக்கு. கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டிருக்கும்போதே ஒரு வாய்க்கால் தகராறை முழுசாகச் சொல்லி முடித்தவர்.

தப்பிக்க ஒரே வழி கொல்லைப்புறத்தில் தார்ப்பாய்க்கு அடியில் மூன்று வருஷமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. நாளைக்குப் படகை ஏரியில் இறக்கினால், அக்கரையில் சிநேகிதர் குடிசையில் நான்கு நாள் நிம்மதி.

தார்ப்பாயை விலக்கினார். பெட்ரோல் டாங்கின் மூடியைத் திருகினார். குப்பென்று வந்த நாற்றத்தில் அவருடைய மீசையே ஒரு பக்கம் திரும்பிக்கொண்டது. டார்ச் அடித்துப் பார்த்தால், உள்ளே பெட்ரோல் கடுங்காப்பி நிறத்தில் இருந்தது. இருந்தாலும் ஒரு தடவை கிளப்பிப் பார்க்கலாமே என்று சாவியில் கை வைத்தார்.

"கையை எடுங்க!"

மனைவி பின்னால் நின்றாள். தீயணைப்பு நிலையத்தில் போன் எடுக்கிற வேலை அவளுக்கு. ஊரிலுள்ள புருஷர்களெல்லாம் என்னென்ன கிறுக்குத்தனம் செய்வார்கள் என்பது அவளுக்கு அகரவரிசையில் தெரியும்.

"கெட்டுப்போன பெட்ரோல் எஞ்சினுக்குள்ள போனா பிசினா ஒட்டிக்கும். அப்புறம் உங்க படகு பல்லை இளிச்சிடும்."

"என் சொத்தைப் பத்தி எனக்குத் தெரியாதா?"

"கரெக்டா சொன்னீங்க. சொத்தைதான்."

டாக்டர் குரலைத் தேனில் தோய்த்தார். "நான் எதுக்கு இதெல்லாம் பண்றேன்? உங்கப்பாவுக்காகத்தான்! அவர் சுருட்டு பிடிக்கிறவர். பக்கத்துல பழைய பெட்ரோல் இருந்தா ஆபத்தாச்சே. அதனால இன்னைக்கே காலி பண்ணிடலாம்னு..."

"அடடா, எங்கப்பா மேல இவ்வளவு அக்கறையா! கண்ணே கலங்குதுங்க."

நம்பிவிட்டாள்! டாக்டருக்கு உள்ளுக்குள் ஒரு சின்ன நடனம். கிளினிக்குக்கு ஓடிப்போய், நோயாளிகளின் எச்சிலை உறிஞ்சும் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"அது எதுக்குங்க?"

"டாங்க்னா என்ன? ஒரு பெரிய வாய். உறிஞ்சினா வந்துட்டுப் போகுது."

"கரண்ட்ல ஓடற மோட்டார். ஒரு பொறி பறந்தா போதும். எங்க ஆபீஸ்ல யார் போனை எடுக்கறது? நான்தான் இங்க இருக்கேனே."

மெஷின் உள்ளே போனது. டாக்டர் தோட்டத்து ரப்பர் குழாயை வெட்டி, ஒரு முனையை டாங்கில் விட்டு, மறுமுனையை வாயருகே கொண்டுபோனார்.

"வாயை மூடுங்க!"

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பல் டாக்டருக்கு அந்த உத்தரவு வந்தது.

"நேத்துகூட ஒருத்தர் இப்படித்தான் உறிஞ்சினார். ரெண்டு மடக்கு உள்ள போயிடுச்சு. ஆஸ்பத்திரியில இருக்கார். நீங்க முதல்ல அந்த வழவழ சட்டையைக் கழட்டிட்டுப் பருத்திச் சட்டை போட்டுட்டு வாங்க. நைலான் உரசினாலே பொறி வரும்."

அப்புறம் நடந்ததெல்லாம் ராணுவப் பயிற்சி. பாட்டரி ஒயரைக் கழற்றச் சொன்னாள், கழற்றினார். போனை வீட்டுக்குள் வைக்கச் சொன்னாள், வைத்தார். கையால் அமுக்குகிற ரப்பர் பம்ப் ஒன்றை அவளே எடுத்து நீட்டினாள். பெட்ரோலுக்கென்றே செய்த மூன்று கேன்களும் புத்தம் புதிதாக வந்து நின்றன. இதெல்லாம் வீட்டில் எப்படி வந்தது என்று கேட்க டாக்டருக்குத் தோன்றவில்லை. அவர் மனசு ஏற்கெனவே அக்கரையில் மீன் பிடித்துக்கொண்டிருந்தது.

மனைவி எட்டத்தில் நாற்காலி போட்டு, தீயணைக்கிற சிவப்பு சிலிண்டரைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டாள்.

"கேனைத் தூக்கிப் பிடிக்காதீங்க. தரையிலயே இருக்கட்டும்."

"சரி."

"கழுத்து வரைக்கும் ரொப்பாதீங்க. ஆவிக்கு இடம் விடுங்க."

"இங்க என் ஆவியே போகுது!"

"அதுக்கும் இடம் விடுங்க."

அமுக்கினார், அமுக்கினார், கட்டைவிரல் கத்தரிக்காயாக வீங்கும்வரை அமுக்கினார். அடியில் தேங்கிய கசடைத் துணியில் ஒற்றி எடுத்தார். சாக்கடைப் பக்கம் ஒரு கேன் லேசாகச் சாய்ந்ததும் சிலிண்டரின் மூக்கு அவரை நோக்கித் திரும்பியது. கேன் நிமிர்ந்தது.

மதியம் மூன்று கேன்களையும் நகராட்சிக் கழிவு மையத்துக்குக் கொண்டுபோனார். அங்கிருந்த ஊழியர் எழுந்து நின்று வரவேற்றார். "வாங்க டாக்டர். சனிக்கிழமை நீங்க மூணு கேன் கொண்டு வருவீங்கன்னு வீட்டம்மா போன வாரமே சொல்லி வெச்சாங்க."

என் மனைவிக்குத்தான் எவ்வளவு முன்யோசனை என்று டாக்டர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

சாயங்காலம் புதுப் பெட்ரோல் ஊற்றி, சார்ஜ் ஏற்றிய பாட்டரியை மாட்டி, மிச்சமிருந்த தோட்டக் குழாயை எஞ்சினில் பொருத்தி அது சூடாகாமல் தண்ணீர் விட்டு, சாவியைத் திருப்பினார். ஒரு இருமல். ஒரு தும்மல். அப்புறம் எஞ்சின் பாட ஆரம்பித்துவிட்டது! டாக்டர் படகைச் சுற்றி ஒற்றைக் காலில் குதித்தார்.

பாக்கி ஒரே ஒரு தகவல்தான். மாமனார் எத்தனை மணிக்கு வருகிறார்? அதற்கு அரை மணி முன்னால் கிளம்பினால் போதும். மனைவியிடம் கேட்டால் சந்தேகப்படுவாள் என்று, கொல்லைக் கதவருகே நின்று அவரே மாமனாருக்குப் போன் போட்டார்.

"மாமா, நாளைக்கு எப்ப வர்றீங்க? வழிமேல விழி வெச்சுக் காத்திருக்கேன்!"

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் ஒலி.

"நானா? வரதா இல்லையே மாப்பிள்ளை. கால்வலின்னு படுத்திருக்கேன். ஆனா, கல்யாணமாகிப் பதினோரு வருஷத்துல இப்பதான் முதல் தடவையா நீங்களா என்னைக் கூப்பிடறீங்க... கால்வலி போன இடம் தெரியலை! இதோ பெட்டி கட்டறேன்."

"ஐயோ, காலைப் பாத்துக்குங்க மாமா! இன்னொரு தடவை..."

"அது என்ன சத்தம், பின்னால?"

வாய் தவறிவிட்டது. "படகு மாமா."

"படகா! என் சர்வீஸ்ல நான் ஏரியை மட்டும் அளந்ததே இல்லை. நீங்க ஓட்டுங்க, நான் நாலு கரையையும் அளந்து காட்டறேன். பத்து நாள் ஆகும், பரவாயில்லையா?"

போன் வைக்கப்பட்டது. டாக்டர் திரும்பினார். மனைவி கையைத் துடைத்தபடி நின்றாள்.

"உங்கப்பா வர்றார்னு நீதானே சொன்ன?"

"சொன்னேங்க. மூணு வருஷமா அந்தப் பெட்ரோலை எடுங்க எடுங்கன்னு சொன்னேன், உங்க காதுல ஏறலை. அப்பா வர்றார்னு ஒரே ஒரு தடவை சொன்னேன், ஒரே நாள்ல காலி."

"அப்ப அவர் வரதாவே இல்லையா?"

"இல்லவே இல்லை. பெட்ரோலை எடுக்க வெச்சது நான். எங்கப்பாவை வரவழைச்சது நீங்க."