தீவில் விட்டு வந்த வேட்டி

பெண் வீட்டாரிடம் எவ்வளவு பேசலாம் என்பதற்கு ஓர் அளவு உண்டு. நிச்சயதார்த்தத்துக்கும் கல்யாணத்துக்கும் இடைப்பட்ட மாதங்களில் அந்த அளவு எந்த ஆம்பிளைக்கும் தெரிவதில்லை. எனக்குச் சுத்தமாகத் தெரியவில்லை.

அப்போது நான் திருச்சியில் ஒரு கல்லூரியில் வரலாறு நடத்திக்கொண்டிருந்தேன். ஸ்ரீரங்கத்தில் கல்யாணியை எனக்கு நிச்சயம் செய்திருந்தார்கள். அவள் விலங்கியல் படித்தவள். அவள் அப்பா ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். பச்சைக்கொடி காட்டுவதில் அவசரப்படாத மனிதர். நிச்சயம் முடிந்த பிறகும் என்னை "சார்" என்றுதான் கூப்பிட்டார். (தட்டு மாற்றிய பிறகு எவனாவது சார் ஆவானா?)

அவரை எப்படியாவது அசத்திவிட வேண்டும் என்றுதான், மணப்பாறை ரோட்டிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஓர் ஏரியின் நடுவிலுள்ள குட்டித் தீவைப் பற்றி அளக்க ஆரம்பித்தேன். அளந்ததோடு நிறுத்தாமல், "வாங்க, நானே காட்டுறேன்" என்றும் சொல்லிவிட்டேன்.

தை மாதத்து ஞாயிற்றுக்கிழமைக் காலை. ஏரி நிறையத் தண்ணீர். நான், கல்யாணி, அவள் அப்பா மூவரும் பரிசலில் ஏறினோம். மரியாதை கருதி நான் சரிகைக்கரை போட்ட புது வேட்டியில் போயிருந்தேன்.

"இது தானா உண்டான தீவு இல்லைங்க. பஞ்ச காலத்துல ஏரியைத் தூர் வாரினவங்க, மண்ணைக் கரை வரைக்கும் சுமக்கத் தெம்பில்லாம நடுவுலயே கொட்டிட்டாங்க. அந்தக் குவியல்தான் இது. பிற்பாடு கருவேலங்கன்னு வெச்சாங்க. மரம் வளர்ந்ததும் பறவைங்க வந்துடுச்சு. அதுங்களுக்காக ஊர்க்காரங்க தீபாவளிக்குக்கூட இந்தப் பக்கம் வெடி போடறதில்ல."

"பரவாயில்லையே சார்" என்றார் அவள் அப்பா. அத்தோடு கரைக்குத் திரும்பியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

எங்களை இறக்கிவிட்டுப் பரிசல்காரர் வலை பார்க்கப் போய்விட்டார். நாலைந்து வீட்டுமனை அகலம்தான் இருக்கும் அந்தத் தீவு. தரையும் இலையும் எச்சத்தால் வெள்ளையடித்த மாதிரி இருந்தன. மேலே நீர்க்காகங்கள், நாரைகள், வக்காக்கள். காலடியில் ஒரு வக்காக் குஞ்சு, கூட்டிலிருந்து விழுந்து நடுங்கிக்கொண்டிருந்தது.

"அச்சச்சோ!" என்றாள் கல்யாணி.

அந்த ஒரு சொல் போதாதா? குஞ்சை ஒரு கையில் ஏந்தி, வேட்டியை மடித்துக் கட்டி, மரத்தில் ஏறினேன்.

"இருங்க, அதுங்க பயந்துச்சுன்னா..."

"தெரியும், தெரியும்." (எனக்குத் தெரிந்ததெல்லாம் கல்வெட்டுதான்.)

குஞ்சைக் கூட்டில் வைத்தேன். உள்ளே இருந்த அதன் உடன்பிறப்புகள் என் மூஞ்சியைப் பார்த்து அரண்டு, அன்று காலை தின்ற மீனையெல்லாம் என் முகத்திலேயே கக்கின. பயந்தால் வக்காக் குஞ்சுகள் வாந்தி எடுக்கும். கல்யாணி சொல்ல வந்தது அதைத்தான். கண்ணைத் துடைக்கக் கையை விட்டேன். சர்ரென்று நான் கீழே வந்துவிட்டேன். வேட்டி வரவில்லை. அது கருவேல முள்ளில் மாட்டி, மேலேயே நின்றுவிட்டது.

டிராயரோடு நின்றேன். கல்லூரி விளையாட்டு விழாவில் கொடுத்த டிராயர். பின்பக்கம் கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்ததை அவள் அப்பா எழுத்துக் கூட்டி வாசித்தார்: "நடு... வர்."

கல்யாணி அவசர அவசரமாக வேறு பக்கம் திரும்பி, பறவையே இல்லாத ஒரு மரத்தை உற்றுப் பார்த்தாள். அவள் தோள் குலுங்குவது தெரிந்தது. கல்யாணம் நின்றது என்றே நினைத்தேன்.

அவள் அப்பா சிரித்தார். முப்பது வருஷமாகக் கார்டு பெட்டியில் தனியாக உட்கார்ந்து சேர்த்துவைத்த சிரிப்பு. தீவிலிருந்த பறவையெல்லாம் எழுந்து ஒரு சுற்றுச் சுற்றி உட்கார்ந்தது. பிறகு தோளிலிருந்த துண்டை எடுத்து நீட்டினார்.

"இந்தாங்க மாப்பிள்ளை, கட்டிக்கங்க."

துண்டோடுதான் கரை சேர்ந்தேன். வைகாசியில் கல்யாணம் நடந்தது. இன்றும் அந்த வீட்டில் டிவி ரிமோட்டுக்குச் சண்டை வந்தால், "நடுவரைக் கூப்பிடுங்க" என்பார்கள்.

அடுத்த தையில் நானும் கல்யாணியும் கரையில் நின்று பைனாகுலரில் பார்த்தோம். பழுப்பேறிய என் வேட்டியின் மேலேயே சுள்ளி அடுக்கி, ஒரு நாரை அடைகாத்துக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து வீட்டுக்கு யார் வந்தாலும் மாமனார் என்னை இப்படித்தான் அறிமுகப்படுத்துகிறார்:

"இவருக்குத் திருச்சியில இன்னும் சொந்த வீடு அமையல. ஆனா தீவுல ஒண்ணு வாடகைக்கு விட்டிருக்காரு."