செலினைப் படத்துக்குக் கூட்டிப் போன கதை

அண்டைக்கு எனக்கிருந்த வேலை ஒண்டுதான். செலினைப் படத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், என்னைக் கலியாணம் கட்டச் சம்மதமோ எண்டு கேக்கிறது.

எண்பதுகளின்ர நடுப்பகுதி. நான் பாரிசிலை, லா சப்பல் பக்கம் ஒரு ரெஸ்ரோறன்ரிலை கோப்பை கழுவிக்கொண்டிருந்தன். செலின் புதுச்சேரிப் பிள்ளை, அரசாங்கக் கந்தோரிலை வேலை. என்ர விசாப் பேப்பரை நிரப்பித் தந்த நாளிலையிருந்து பழக்கம். அடுத்த கிழமை அவா லீவிலை புதுச்சேரி போறா. அங்கை ஒரு மாப்பிள்ளை பாத்து வைச்சிருக்கினமாம்.

எங்கட சமையல்கார இராசு அண்ணை யோசனை சொன்னார். "சிரிப்புப் படத்துக்குக் கூட்டிக்கொண்டு போ. சிரிச்சுக்கொண்டிருக்கிற பொம்பிளை இல்லையெண்டு சொல்லமாட்டா."

இராசு அண்ணைக்கு அப்ப நாப்பத்தஞ்சு வயசு. கலியாணம் ஆகேல்லை. அதை நான் யோசிச்சிருக்க வேணும்.

ஸ்டாலின்கிராட் மெத்ரோ ஸ்டேசன் பக்கம் ஒரு சின்னத் தியேட்டர். ரெண்டு மண்டபம். ரெண்டிலையும் அந்தக் கிழமை பழைய அமெரிக்கக் காதல் நகைச்சுவைப் படங்கள், கறுப்பு வெள்ளை. பணக்காரப் பொம்பிளையும் வேலையில்லாத ஆம்பிளையும் மூச்சுவிடாமல் சண்டை பிடிப்பினம். சண்டை கூடக் கூடக் காதலும் கூடும்.

கதை இங்கிலிசிலை, கீழை எழுத்து பிரெஞ்சிலை. எனக்கு ரெண்டும் அரைகுறை. செலின் எழுத்தை வாசிச்சுச் சிரிக்க, நான் செலினைப் பாத்துச் சிரிச்சன். ஒருக்கால் அவா இருமினதுக்கும் சிரிச்சுப்போட்டன்.

பாதிப் படத்திலை, கோட்டைக் கதிரையிலை விட்டிட்டு ரொயிலற்றுக்குப் போனன். கண்ணாடிக்கு முன்னாலை நிண்டு, கேக்க வேண்டியதை நாலு தரம் சொல்லிப் பாத்தன்.

திரும்பி வந்தால் ஒரே இருட்டு. நாங்கள் இருந்த கடைசிக்கு முன் வரிசை, ஓரத்திலையிருந்து ரெண்டாவது கதிரையிலை ஒரு பொம்பிளை உருவம். பக்கத்துக் கதிரையிலை இருந்தன். திரையிலை ஒரு சோடி, அதே சண்டை.

மூச்சை இழுத்துக்கொண்டு சொன்னன்: "செலின், ஊருக்குப் போகாதேங்கோ. என்னைக் கட்டுவியளோ?"

"ஷ்ஷ்."

அவ்வளவுதான் பதில்.

பிறகு ஒரு மணித்தியாலம், சுத்திவரச் சனம் சிரிக்கச் சிரிக்க, நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு இருந்தன். பக்கத்திலையிருந்து ஒரு கைலேஞ்சி வந்துது. வேண்டாமெண்டிட்டாலும் நல்ல மனம் எண்டு நினைச்சு வாங்கித் துடைச்சன்.

லைற் போட்டாங்கள். பக்கத்திலை இருந்தது எழுபது வயசுப் பிரெஞ்சு அம்மா. என்ர கையைத் தட்டி, தனக்கும் காதல் படமெண்டால் அழுகை வருமெண்டு பிரெஞ்சிலை சொன்னா. அப்பதான் விளங்கிச்சுது, நான் மற்ற மண்டபத்துக்குள்ளை பூந்திருக்கிறன்.

விழுந்தடிச்சு வெளியிலை ஓடினன். வாசல்லை செலின் நிக்கிறா. அவவின்ர படம் முடிஞ்சு அரை மணித்தியாலம். நான் சொல்லாமல் ஓடிட்டன் எண்டு நினைச்சாவாம்.

"அப்ப ஏன் நிண்டனீங்கள்?"

"உங்க கோட்டு என்கிட்ட இருக்கே."

நடந்ததைச் சொன்னன். சிரிக்கேல்லை. "அந்தம்மாகிட்ட என்ன கேட்டீங்க?" எண்டு மட்டும் கேட்டா. ரோட்டிலை, நல்ல வெளிச்சத்திலை, ரெண்டாந்தரமும் கேட்டன். காது ரெண்டும் கொதிச்சுது.

கோட்டை என்ர கையிலை தந்தா. "லீவு போட்டாச்சு, போய்த்தான் ஆகணும். அம்மாகிட்ட நம்ம விஷயத்தச் சொல்லிட்டு வந்துடறேன்."

மெத்ரோவுக்கு நடக்கேக்கை, நான் பாக்காத பாதிப் படத்திலை என்ன நடந்தது எண்டு கேட்டன்.

"அதுல ஆம்பள, சரியான ஆளக் கேட்டான்" எண்டா.